நின்னு நின்னு போன கம்ப்யூட்டரும் ஒரு அக்காவோட மூணு தவணையும்

ஆண்டு விழாவில் கூட்டமைப்பின் கணக்காளர் பேசியது



போன வருஷம் இதே மேடையில ஆடு வளர்ப்பு பத்திப் பேசினாங்க, அதுக்கு முந்தின வருஷம் முருங்கைக்கீரைப் பொடி. ரெண்டுமே நம்மூருக்குப் பொருத்தமான விஷயம். இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டு, "உன்ற கம்ப்யூட்டர் கதையைச் சொல்லு"ன்னாங்க தலைவி அக்கா. அந்தக் கதையில எனக்குப் பெருமைப்பட ஒண்ணுமில்லீங்க. அதனால ரெண்டு நாள் யோசிச்சுட்டுத்தான் சரின்னேன். யாரோட தவணை பத்தின கதையோ அந்த அக்காகிட்டயும் போய்க் கேட்டேன். "பேரு மட்டும் வேண்டாம் அம்மிணி, மத்ததெல்லாம் சொல்லு"ன்னாங்க. அப்படியே சொல்றேன்.

2014-ல திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டரை எல்லாம் மாத்தினாங்க. அதுல ஒண்ணை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். 5,000 ரூபாய் நம்ம குழுவுல வாங்கின உள்கடன், மீதி கைக்காசு. கோர் 2 டியோ பெட்டி, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. அதுவரைக்கும் பேரேடு, ரொக்கப் புத்தகம், கடன் பதிவேடுன்னு கையால எழுதிட்டிருந்தோம். கம்ப்யூட்டர் வந்ததும் எக்ஸெல்ல ஏத்த ஆரம்பிச்சேன். கூட்டித் தர்றதென்ன, நிலுவையைத் தனியாப் பிரிச்சுத் தர்றதென்ன! அந்தச் சந்தோசத்துல, "ஒரே கணக்கை எதுக்கு ரெண்டு எடத்துல எழுதோணும்"னு கடன் பதிவேடு எழுதறதை விட்டுட்டேன். நான் பண்ணின மொத தப்பு அதுதானுங்க.

பெட்டியை வெச்ச எடம் என்ற வீட்டு முன்னறை. அங்கேயே என்ற ரெண்டு பவர் டேபிளும் இருக்குது, ஒரு ஓவர்லாக், ஒரு சிங்கர். ஜாப் ஒர்க் எடுத்து பனியன் கை, கழுத்து அடிக்கிறேன். பீஸ் ரேட்டுக்கு அடிக்கறவங்களுக்குத் தெரியும், சாயங்காலம் கூட்டினா மொறத்துல அள்ளுற அளவுக்குப் பிசிறு இருக்கும். ஓவர்லாக் துணியோட ஓரத்தை வெட்டிட்டே தைக்கும், அந்தப் பஞ்சு காத்துலயே பறந்துட்டிருக்கும். நாம மூக்குல துணி கட்டிக்கறோம். பெட்டிக்கு யாரு கட்டிவிடறா?

நாலு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. 2018-ல ஆரம்பிச்சுது. டைப் பண்ணிட்டிருக்கும்போதே பட்டுனு அணைஞ்சு போகும். பத்து நிமிஷம் கழிச்சுப் போட்டா வரும், மறுபடி அணையும். சிலநாள் அணையாம, நீலத் திரையில வெள்ளை எழுத்தா என்னமோ காட்டிட்டு, படிக்கறதுக்குள்ள தானாவே மறுபடி ஸ்டார்ட் ஆகும். சேவ் பண்ணாதது பூராவும் போச்சு.

நான் என்ன பண்ணினேன்? எல்லாரும் பண்றதைத்தான். வைரஸ்னு ஒருத்தர் சொன்னார், ஆன்ட்டி வைரஸ் போட்டேன். ஃபார்மேட் பண்ணினா சரியாகும்னு இன்னொருத்தர் சொன்னார், 400 ரூபாய் கொடுத்துப் பண்ணினேன். ரெண்டு நாள் ஓடுச்சு, மூணாம் நாள் மத்தியானம் அணைஞ்சுது. ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அந்தத் தம்பி போட்டுப் பார்த்துட்டு, "மதர்போர்டு போச்சுங்க்கா, புதுசா வாங்கிக்கங்க, 22,000 ஆகும்"னுச்சு. கடை பேரெல்லாம் வேண்டாம். அந்தத் தம்பி மேல எனக்குக் கோபமும் இல்லை. பழையதைச் சரி பண்ண உக்காந்தா ஒரு நாள் பொழப்பு போயிரும் அதுக்கு. ஆனா 22,000 ரூபாய்க்கு நான் எத்தனை பனியன் கை அடிக்கோணும்?

வழி சொன்னது கம்ப்யூட்டர் படிச்சவங்க இல்லை. எங்க மெஷினுக்கு வர்ற மெக்கானிக் அண்ணன். ஓவர்லாக்ல லூப்பர் மாத்திட்டு இருந்தார். நான் பொலம்பினதைக் கேட்டுட்டு, "ஏம்மா, ஊசி ஒடையுதுன்னு நீ போன் பண்ணினா நான் மொதல்ல என்ன கேப்பேன்? எந்தத் துணி, எந்த நூல், எத்தனை மணிக்கு ஒடஞ்சுதுன்னு கேப்பேன்ல? இதுக்கு எழுதி வெச்சிருக்கியா?"ன்னார். நான் எழுதி வெக்கலை. கணக்கு எழுதறதே வேலையா இருக்கிற நான், என்ற பெட்டி எப்பெப்ப நின்னுதுன்னு ஒரு வரி எழுதலை.

பிற்பாடு ஒரு சங்கதி படிச்சேன், சொல்லிடறேன். 1947-ல அமெரிக்காவுல ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மார்க் 2-ன்னு ஒரு கம்ப்யூட்டர், ஒரு அறை அளவு பெருசு. அது தப்புத் தப்பா ஓடுதுன்னு தேடினப்ப, உள்ள ஒரு ரிலேயில அந்துப்பூச்சி ஒண்ணு மாட்டிச் செத்துக் கெடந்துச்சு. அவங்க பூச்சியைத் தூக்கி எறியலை. அன்னைக்கு நோட்டுல மணியோட எழுதி, அந்தப் பூச்சியையும் டேப் போட்டு அதே பக்கத்துல ஒட்டி வெச்சாங்க. அங்க வேலை பார்த்த கிரேஸ் ஹாப்பர்ங்கற அம்மா இந்தக் கதையைப் போற எடமெல்லாம் சொல்லுவாங்களாம். அந்த நோட்டு இன்னும் வாஷிங்டன்ல மியூசியத்துல இருக்குது. அவ்வளவு பெரிய படிப்புப் படிச்சவங்களும் நோட்டுப் போட்டுத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க.

மார்ச் 12-ம் தேதி பழைய தீர்மானப் புத்தகத்துல மிச்சமிருந்த பக்கத்துல கோடு போட்டு ஆரம்பிச்சேன். தேதி, மணி, போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு, அப்ப மெஷின் ஓடிச்சா, கரண்டு எப்படி இருந்துச்சு, திரையில என்ன தெரிஞ்சுது. நீலத் திரை நிக்காம ஓடுதுன்னு சொன்னேன்ல, அதுக்கும் ஒரு வழி இருக்குது. கம்ப்யூட்டர்ங்கற படத்துமேல வலது பட்டனை அமுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரின்னு போனா, தானா ரீஸ்டார்ட் ஆகோணுமான்னு ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டா நீலத் திரை அப்படியே நிக்கும். செல்போன்ல போட்டோ எடுத்துக்கலாம்.

ஆறு வாரத்துல 19 வரி சேர்ந்துச்சு. அதைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சு போச்சுங்க. 12 வரி மத்தியானம் 12 மணியிலிருந்து 4 மணிக்குள்ள, எல்லாமே போட்டு அரைமணி நேரத்துக்கு மேல ஆன பிறகு. 4 வரி "லைட் மங்குச்சு, அணைஞ்சுது"ன்னு எழுதியிருந்தேன். 3 வரி நீலத் திரை, அதுக்கு வெயிலும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே வியாதின்னு நான் நெனச்சது மூணு வியாதியா இருந்துச்சு. ஃபார்மேட் பண்ணினா எப்படிச் சரியாகும்?

மொதல்ல அந்தப் பன்னெண்டு. பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பென் டிரைவ்ல கணக்கு பூராவும் நகல் எடுத்தேன். அதுக்கப்புறம் சுவிட்சை அணைச்சு, ஒயரைச் சுவத்துல இருந்தே புடுங்கி, பெட்டியோட பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பிடிச்சேன். உள்ள மிச்சம் நிக்கிற கரண்டு அதுல எறங்கிரும். பெட்டியோட இரும்பு சட்டத்தைத் தொட்டுட்டுத்தான் உள்ள கை வெக்கோணும், நம்ம உடம்புல இருக்கிற நிலைமின்சாரம் ரேமைக் கெடுத்துரும். அதுவும் பனியன் துணியோட பொழங்கற கைக்கு இது ரொம்ப முக்கியமுங்க.

பக்கத்துத் தகட்டைக் கழட்டினேன். உள்ள ஒரு தலையணை இருந்துச்சுங்க! நெசமாத்தான் சொல்றேன். ப்ராசஸர் மேல அலுமினியத் தகடு வரிசையா இருக்கும், அதுமேல ஃபேன் சுத்தும். அந்தத் தகட்டு இடுக்கு பூராவும் வெள்ளையும் நீலமுமா பனியன் பஞ்சு மெத்தை மாதிரி படிஞ்சிருந்துச்சு. அந்த மாசம் நீலக் கலர் ஆர்டர். ஃபேன் சுத்துது, காத்து உள்ள போக வழியில்லை. சூடு ஒரு அளவு தாண்டினா ப்ராசஸர் தன்னைக் காப்பாத்திக்கத் தானாவே நிறுத்திக்கும். மதர்போர்டு போச்சுன்னு சொன்னது இதைத்தான். அது போகலை, போயிடக் கூடாதுன்னுதான் நின்னுட்டிருந்துச்சு.

புது பெயிண்ட் பிரஷ், ஒரு இஞ்சு அகலம். அதால மெதுவா எடுத்தேன். கம்பெனியில மெஷினை ஊதற காத்துக் குழாய் இருக்குதே, அதை வெச்சு ஊதலாமான்னு சிலபேர் கேப்பீங்க. கம்ப்ரஸர் காத்துல தண்ணி வரும், அதுவுமில்லாம ஃபேன் தறிகெட்டுச் சுத்திக் கெட்டுப் போகும். ஊதித்தான் ஆகோணும்னா ஃபேன் றெக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு, தூரமா இருந்து, கொஞ்சமா ஊதுங்க. ப்ராசஸருக்கும் அந்த அலுமினியத்துக்கும் நடுவுல ஒரு பசை இருக்கும், அது காய்ஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆயிருந்துச்சு. பாலிடெக்னிக் படிக்கிற என்ற நங்கையா பையன் வந்து அதைத் தொடச்சுட்டு, கடலைப் பருப்பு அளவு புதுப் பசை வெச்சான். பசை 100 ரூபாய், பிரஷ் 25 ரூபாய். பெட்டியையும் மெஷினுக்குப் பக்கத்துல இருந்து எடுத்து உள்ளறை அலமாரியில, தரையை விட்டு ரெண்டடி ஒசரத்துல வெச்சேன். அந்தப் பன்னெண்டு மாதிரி அப்புறம் ஒண்ணுகூட வரலை.

பெட்டிக்குள்ள தகரப் பொட்டி மாதிரி மூடி, பின்னாடி ஒயர் சொருகற ஒண்ணு இருக்கும். எஸ்எம்பிஎஸ்ம்பாங்க. அதை மட்டும் பிரிச்சுராதீங்க. ஒயரைப் புடுங்கின பிறகும் அதுக்குள்ள கரண்டு நிக்கும், தூக்கி அடிச்சுரும். வெளிய தூசு தட்டறதோட விட்டுருங்க.

அடுத்தது லைட் மங்கின நாலு வரி. நம்மூர்ப் பக்கம் மும்முனைக் கரண்டு வந்ததும் தோட்டத்து மோட்டாரெல்லாம் ஒண்ணா ஓட ஆரம்பிக்கும். அந்த நேரம் வீட்டு லைட்டைப் பாருங்க, தெரியும். என்ற ஓவர்லாக் மோட்டாரும் அதே லைன்லதான் இருந்துச்சு. பழைய எஸ்எம்பிஎஸ் அந்த எறக்கத்தைத் தாங்கலை. அதுக்குத்தான் யுபிஎஸ் வெச்சிருந்தேனே? 2012-ல நாளெல்லாம் கரண்டு இல்லாம கெடந்தோமே, அந்த வருஷம் எங்க வீட்டுக்காரர் வாங்கின யுபிஎஸ். அதோட பேட்டரி ரெண்டு மூணு வருஷம் உழைச்சாலே பெருசு, நான் ஆறு வருஷமா மாத்தலை. கீ கீன்னு கத்திட்டே இருந்துச்சு, பல்லி கத்தறது மாதிரி அதையும் பழகிட்டேன். பேட்டரி மாத்தினேன், கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் வேற வேற லைன் இழுத்தாச்சு. எர்த்தும் சரியில்லை, பெட்டியைத் தொட்டா சுருக்குனு இழுக்கும். எலக்ட்ரீசியன் வந்து பார்த்துட்டு எர்த் குழியில தண்ணியே ஊத்தலைன்னு திட்டிட்டுப் போனார்.

நீலத் திரை மூணு வரிக்குக் காரணம் ரேம். ரெண்டு பட்டை இருந்துச்சு, 1 ஜிபி ஒவ்வொண்ணும். கழட்டி, தங்க நெறத்துல இருக்கிற பல்லை பென்சில் ரப்பரால லேசாத் தேய்ச்சுத் தொடச்சோம். திரும்பப் போடறப்ப ஒண்ணை மட்டும் போட்டு ரெண்டு நாள், இன்னொண்ணை மட்டும் போட்டு ரெண்டு நாள் ஓட்டினோம். ரெண்டாவதுல நீலத் திரை வந்துச்சு. விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக்னு ஒரு சோதனை இருக்குது, ராத்திரி போட்டுவிட்டா காலையில சொல்லிரும். அதுவும் அதையே சொல்லுச்சு. பழைய ரேம் 300 ரூபாய்க்குக் கெடச்சுது. இதுல ஒரு நிதானம் வேணுமுங்க. பையன் அவசரத்துல எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தலாம்னான். நான் விடலை. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் மாத்தோணும், இல்லாட்டி எதுனால சரியாச்சுன்னே தெரியாமப் போயிரும்.

இப்ப நான் சொல்லத் தயங்கினதுக்கு வர்றேன்.

பெட்டி நின்னுட்டு இருந்த அதே நாள்கள்ல, ஏப்ரல் ரெண்டாவது வாரம், எங்க குழுவுக்கு வங்கிக் கடன் 5 லட்சத்துக்கு மனுப் போட வேண்டியிருந்துச்சு. மார்ச் 31 வரைக்கும் யார் யார் உள்கடன் நிலுவைன்னு பட்டியல் எடுத்தேன். 12 பேருல 11 பேருக்குச் சரி. ஒரு அக்காவுக்கு மட்டும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணு தவணை, 1,100 வீதம் 3,300 ரூபாய் கட்டலைன்னு வந்துச்சு.

அந்த அக்கா ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் வேலை. செவ்வாக்கிழமைக் கூட்டத்துக்கு வர முடியாதுன்னு, காலையில 6 மணிக்கு மில் வண்டி வர்றதுக்கு முன்னாடி என்ற வீட்டு வாசல்ல நின்னு கொடுத்துட்டுப் போவாங்க. கூட்டத்துல பட்டியலைப் படிச்சதும், "நான் கட்டினனே அம்மிணி, உன்ற கையிலதான கொடுத்தேன்"னாங்க. எனக்கும் வாங்கின ஞாபகம் இருந்துச்சு. ஆனா மூணு மாசமுமா, ரெண்டு மாசமான்னு சொல்லத் தெரியலை. பாஸ்புக் எங்கேன்னு கேட்டாங்க. பாஸ்புக் என்ற வீட்டுலதான் இருந்துச்சு. எழுதித் தர்றேன்னு ஜனவரியில வாங்கி வெச்சது, எழுதாம மெஷின் டிராயர்ல கெடந்துச்சு. அப்ப ஒருத்தர் கேட்டாங்க, "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" அதுக்கு என்ற வாயில இருந்து ஒரு பதிலும் வரலீங்க. ஒருத்தர் நிலுவைன்னா குழு பூராவுக்கும் மனு நிக்கும். அந்த அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, "கடன் நிக்க வேண்டாம், நான் மறுபடி கட்டிடறேன்"னு சொல்லி எந்திரிச்சுப் போனாங்க. ரெண்டு வாரத்துல கட்டியும் போட்டாங்க.

இங்க கணக்கு எழுதறவங்க இப்பவே மனசுக்குள்ள கேப்பீங்க, வங்கிப் பாஸ்புக்கோட ஒத்துப் பார்க்கலையான்னு. பார்த்தேன். 3,300 ரூபாய் கூட இருந்துச்சு. பெட்டி அணைஞ்சு அணைஞ்சு போனதுல ஏதோ விட்டுப் போயிருக்கும், அப்புறம் பார்க்கலாம்னு விட்டுட்டேன். நம்மகிட்ட பணம் கொறைஞ்சா ராத்திரி தூங்க மாட்டோம், கூட இருந்தா தூங்கிடறோம்.

ஏப்ரல் கடைசியில, சூடு, கரண்டு, ரேம் மூணும் சரியான பிறகு, பையன் பக்கத்துல இருக்கறப்ப காலையில பெட்டியைப் போட்டேன். கருப்புத் திரையில ரெண்டு வரி இங்கிலீஷ் வந்துச்சு. நான் எஃப்1 அமுக்கினேன். "அத்தை, அது என்ன சொல்லுச்சு?"ன்னான். "அது தினமும் வரும்டா, எஃப்1 அமுக்கினா போயிரும்"னேன். "எத்தனை நாளா?" "பொங்கலுக்கு முன்னாடியிருந்து." மறுபடி அணைச்சுப் போட்டு, படிச்சுச் சொன்னான். சிமாஸ் பேட்டரி தீர்ந்து போச்சு, தேதியும் மணியும் அழிஞ்சு போச்சு, எஃப்1 அமுக்கினா மேல போறேன்னு அது சொல்லியிருக்குது. நாலு மாசமா தெனம் சொல்லியிருக்குது.

மதர்போர்டுல எட்டணாக் காசு அளவுல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032-ன்னு எழுதியிருக்கும். பெட்டிக்குக் கரண்டு இல்லாதப்பவும் தேதி, மணியை ஓட்டிட்டு இருக்கிறது அதுதான். அது தீர்ந்துட்டா, சுவிட்சை அணைச்சுப் போடற ஒவ்வொரு தடவையும் பெட்டி பொறந்த காலத்துக்குப் போயிரும். என்றதுல 2006 ஜனவரி 1. கீழ மூலையில சின்னதாத் தெரியற தேதியை யாரு பார்க்கறா? மணி பார்க்கத்தான் செல்போன் இருக்குதே. அந்த நாள்கள்ல வங்கி வெப்சைட்டைத் திறந்தா "பாதுகாப்பில்லை"ன்னு வரும், நெட் சரியில்லைன்னு நெனச்சேன். தேதி தப்பா இருந்தா அப்படித்தான் வருமாம்.

30 ரூபாய்க்குப் பேட்டரி வாங்கிப் போட்டோம். தேதியைச் சரி பண்ணிட்டிருக்கறப்பத்தான் எனக்கு வயித்துல சுரீர்னுச்சு. செவ்வாக்கிழமைக் கூட்டத்து வசூலுக்கு நான் தேதியைக் கையால அடிப்பேன், ஒரு தடவை அடிச்சு எல்லாருக்கும் கீழ இழுத்துருவேன். ஆனா நடுவுல யாராவது தனியா வந்து கட்டினா, கன்ட்ரோலும் அரைப்புள்ளியும் சேர்த்து அமுக்குவேன். அன்னைக்குத் தேதியை எக்ஸெல்லே போட்டுக்கும். பயிற்சியில சொல்லிக் கொடுத்த குறுக்குவழி அது. தனியா வந்து கட்டினது அந்த அக்கா மட்டும்தான்.

ஷீட்டைத் தேதி வாரியா அடுக்கினேன். நாங்க கணக்கு ஏத்த ஆரம்பிச்சதே 2014. அதுக்கெல்லாம் மேல, முதல் மூணு வரியா நின்னுச்சு: 01-01-2006, அந்த அக்கா பேரு, 1,100. 01-01-2006, 1,100. 01-01-2006, 1,100. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் 2018 கணக்கு மட்டும் காட்டுன்னு நான் கேட்டதுக்கு, அது 2018-ல இருக்கிறதை மட்டும் காட்டியிருக்குது.

டிராயர்ல இருந்து பாஸ்புக்கை எடுத்து, மூணு தவணையையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, மறுபடி கட்டின 3,300-ஐயும் எடுத்துட்டு சாயங்காலமே அவங்க தோட்டத்துக்குப் போனேன். ஆட்டுக்குத் தழை ஒடிச்சுட்டு இருந்தாங்க. நான் அழுதுட்டே சொன்னேன், பேட்டரி, தேதி, 2006-ன்னு. அவங்களுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கலை. "பாஸ்புக்குல எழுதிட்டியா அம்மிணி?"ன்னு கேட்டாங்க. எழுதிட்டேங்க்கான்னேன். வாங்கி, எழுத்துக் கூட்டி மூணு வரியையும் படிச்சுப் பார்த்துட்டு, முந்தானையில முடிஞ்சு வெச்சாங்க. அடுத்த செவ்வாக்கிழமை கூட்டத்துல நானே எந்திரிச்சு நடந்ததைச் சொன்னேன், தீர்மானப் புத்தகத்துலயும் எழுதச் சொன்னேன். பணம் கொடுத்தாச்சு. ஆனா ரெண்டு வாரம் அந்த அக்காவை ஊருக்குள்ள எப்படிப் பார்த்தாங்கங்கறதை நான் திருப்பிக் கொடுக்க முடியலை. அவங்க இப்பவும் காலையில 6 மணிக்குத்தான் வர்றாங்க. பாஸ்புக்கை நீட்டி, நான் எழுதற வரைக்கும் மில் வண்டி ஹாரன் அடிச்சாலும் நகர மாட்டாங்க. அது சரிதானுங்க.

அதுக்கப்புறம் எங்க குழுவுல கடன் பதிவேடு மறுபடி கையாலயும் எழுதறோம். கம்ப்யூட்டர் கணக்கை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ரெண்டு பென் டிரைவ்ல எடுக்கறேன். ஒண்ணு என்றகிட்ட, ஒண்ணு பொருளாளர் வீட்டுல. ஹார்டு டிஸ்க்கும் வயசானதுதான். டிக் டிக்னு சத்தம் கேட்டாலோ, ஒரு ஃபைல் திறக்க வழக்கத்தை விட நேரம் எடுத்தாலோ, அதைச் சோதிக்க உக்காராதீங்க. இருக்கறதை மொதல்ல நகல் எடுங்க. சோதனையே சிலசமயம் சாகப் போற டிஸ்க்கைச் சாகடிச்சுரும்.

உங்க வீட்டுல பசங்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கும். 2011-லிருந்து கொடுத்தாங்க, பாதி வீட்டுல இப்ப சினிமாப் பார்க்கத்தான் ஆகுது. அதுல குழுக் கணக்குப் போடலாம். கட்டில் மேலயோ தலையணை மேலயோ வெச்சு ஓட்டாதீங்க, காத்துப் போற ஓட்டை அடியிலயும் பக்கத்துலயும்தான் இருக்குது. அதுக்குள்ளயும் பஞ்சு போகும். இன்னொண்ணு, விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுக்கறதை 2020 ஜனவரி 14-ஓட மைக்ரோசாஃப்ட் நிறுத்திருச்சு. அதுக்கப்புறமும் பெட்டி ஓடும், எக்ஸெல்லும் ஓடும். ஆனா அதுல இன்டர்நெட்டுல வங்கி வேலை பார்க்க வேண்டாம். அதுக்கு என்ன செய்யறதுன்னு கூட்டமைப்புல பேசி முடிவெடுக்கோணும், பொருளாளர் அக்கா குறிச்சுக்குங்க.

என்ற பெட்டி இன்னும் ஓடுதுங்க. மொத்தச் செலவு யுபிஎஸ் பேட்டரியும் சேர்த்து 1,500-க்குள்ள. நோட்டு இப்பவும் பக்கத்துலதான் இருக்குது. கடைசி வரி போன கார்த்திகையில எழுதினது, எறும்பு போயிருந்துச்சு.

வர்ற சனிக்கிழமை மத்தியானம் கூட்டமைப்பு ஆபீஸ் பெட்டியைத் திறந்து தூசு தட்டப் போறோம். வர்றவங்க ஆளுக்கொரு பெயிண்ட் பிரஷ் கொண்டு வாங்க, புதுசா இருக்கோணும், பெயிண்ட்ல முக்கினது வேண்டாம். உங்க வீட்டுப் பெட்டி ஸ்டார்ட் ஆகறப்ப கருப்புத் திரையில ஏதாச்சும் வந்துச்சுன்னா, எஃப்1 அமுக்காம போட்டோ எடுத்துட்டு வாங்க, உக்காந்து படிக்கலாம்.